முப்பத்தோர் ஒன்றுகளால் ஆன எண்

கீழே உள்ள எண்ணைச் சற்று நேரம் பாருங்கள்.

2,14,74,83,647

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. இது பகா எண்ணா, பகு எண்ணா? அதாவது, 1ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணா, அல்லது வகுபடும் எண்ணா? கணிப்பொறியின் உதவியை நாடாமல், தாளும் பேனாவும் மட்டும் கொண்டு இதற்கு விடை காண முடியுமா?

முயன்று பார்ப்போம். கடைசி இலக்கம் 7. ஆகவே 2, 5 ஆகிய எண்களால் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 46 வருகிறது. ஆகவே 3ஆலும் வகுபடாது. 7ஆல் வகுத்தால் மீதி 1. பதினொன்றுக்கு உரிய சோதனை நமக்குத் தெரியும். ஒன்று விட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டிக் கழித்தால் 12 வருகிறது; அது 11ஆல் வகுபடாது; ஆகவே நம் எண்ணும் வகுபடாது. அடுத்து 13, அடுத்து 17, அடுத்து 19... எதுவரை போக வேண்டும்? ஓர் எண்ணுக்குக் காரணிகள் இருந்தால், அவற்றுள் ஒன்றாவது அந்த எண்ணின் வர்க்கமூலத்தை விடப் பெரிதாக இராது என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். நம் எண்ணின் வர்க்கமூலம் 46,341க்குச் சற்றுக் குறைவு. எனவே 46,340 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் போதும்.

'போதும்' என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். அந்த எல்லைக்குள் ஏறத்தாழ 4,800 பகா எண்கள் இருக்கின்றன. ஒரு வகுத்தலுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 400 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இடைவிடாமல் உட்கார்ந்தாலும் ஐம்பது நாள். இடையில் ஒரே ஒரு வகுத்தலில் பிழை நேர்ந்தாலும் ஐம்பது நாள் உழைப்பும் வீண். இந்த எண்ணை 1772ஆம் ஆண்டிலேயே பகா எண் என்று நிறுவி எழுதினார் ஒருவர். அவர் எப்படிச் செய்தார் என்பதை அறிந்துகொண்டால், கணிதத்தில் யோசனை என்பது எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தும் என்பது விளங்கும்.

சதுரங்கப் பலகையில் பாதி

அதற்கு முன் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் அரசனிடம் பரிசு கேட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் கட்டத்தில் ஒரு தானியமணி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 4, நான்காவதில் 8 என்று ஒவ்வொரு கட்டத்திலும் இரு மடங்காக வைத்துக்கொண்டே போக வேண்டும். பலகையில் நான்கு வரிசைகளை ஒரே ஒரு கட்டம் குறைய நிரப்பி, அதாவது 31 கட்டங்களை நிரப்பி, அங்கே நிறுத்திவிட்டு மணிகளை எல்லாம் எண்ணினால் வருவதுதான் 2147483647. இரண்டை 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தாலும் இதுவே வரும்: 2³¹ − 1.

கணிப்பொறிகள் பயன்படுத்தும் இரும எண் முறையில், அதாவது 0, 1 ஆகிய இரண்டே இலக்கங்களைக் கொண்ட முறையில், இந்த எண்ணை எழுதினால் இன்னும் அழகாக இருக்கும். முப்பத்தோர் ஒன்றுகளை வரிசையாக எழுத வேண்டும், அவ்வளவுதான். ஒரு பூஜ்யம்கூட இடையில் வராது.

இப்படி ஒன்றுகளால் மட்டும் ஆன எண்களில் எவை பகா எண்கள்? ஒரு செய்தி கண்ணால் பார்த்தாலே தெரியும். பதினைந்து ஒன்றுகளை எழுதி, மூன்று மூன்றாகப் பிரியுங்கள்: 111 111 111 111 111. ஐந்து கட்டுகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு கட்டும் 111, அதாவது நம் வழக்கமான முறையில் 7. ஆகவே முழு எண்ணும் 7ஆல் வகுபட்டே தீரும். 2¹⁵ − 1 = 32,767 என்ற எண்ணை 7ஆல் வகுத்துப் பாருங்கள்; 4,681 என்று மீதியின்றி வரும். ஒன்றுகளின் எண்ணிக்கையைச் சம அளவுள்ள கட்டுகளாகப் பிரிக்க முடிந்தால் அந்த எண் பகு எண் என்று உடனே சொல்லிவிடலாம். எனவே ஒன்றுகளின் எண்ணிக்கையே ஒரு பகா எண்ணாக இருந்தால்தான் மேற்கொண்டு நம்பிக்கை உண்டு.

ஆனால் அது மட்டும் போதாது. 2, 3, 5, 7 ஒன்றுகள் முறையே 3, 7, 31, 127 ஆகிய எண்களைத் தருகின்றன. நான்கும் பகா எண்கள். பதினொன்றுக்கு வரும்போது விதி முறிகிறது. 2¹¹ − 1 = 2047; இது 23 × 89. பதினொன்று பகா எண்ணாக இருந்தும் 2047 பகு எண். ஆகவே ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே சோதித்துத்தான் தீர வேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பொலோனா நகரில் இருந்த கட்டால்டி என்ற கணித அறிஞர் இந்தச் சோதனையைப் பொறுமையாகச் செய்தார். அடுக்கு 17, அடுக்கு 19 ஆகிய இரண்டும் பகா எண்களைத் தருகின்றன என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்துக் கண்டார். இரண்டும் சரி. அதோடு அவர் நின்றிருக்கலாம். 1603இல் வெளியிட்ட நூலில் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களையே தரும் என்று எழுதிவிட்டார். சோதித்து எழுதியதல்ல, நம்பி எழுதியது. இந்த நான்கில் மூன்று தவறாயின. தப்பிப் பிழைத்தது 31 மட்டுமே.

1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 257 வரையுள்ள அடுக்குகளுக்கு ஒரு பட்டியலே கொடுத்தார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இவை மட்டுமே பகா எண்களைத் தரும். மற்றவை தரா என்றார். இந்த வகைப் பகா எண்களுக்கு இன்றுவரை 'மெர்சென் பகா எண்கள்' என்றே பெயர். பட்டியல் மட்டும் முழுச் சரியில்லை. 67, 257 இரண்டும் அதில் இருக்கக் கூடாதவை. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. இந்தக் கணக்கு முழுவதும் தீர 1947 வரை ஆயிற்று. முந்நூறு ஆண்டுகள் ஒரு பட்டியலைத் திருத்துவதிலேயே கழிந்தன என்று நகைப்பவர்களும் உண்டு. ஆனால் அந்தத் திருத்தும் முயற்சியில்தான் எண் கணிதத்தின் கூர்மையான கருவிகள் பல உருவாயின.

ஆய்லரின் சல்லடை

மேலே சொன்ன 1772ஆம் ஆண்டு மனிதர் லெயோன்ஹார்ட் ஆய்லர். சுவிட்சர்லாந்தில் பிறந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்தவர். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. ஒரு கண்ணின் பார்வையை முன்பே இழந்திருந்தார். மற்றொரு கண்ணும் ஏறத்தாழ முற்றிலும் மங்கிவிட்டிருந்தது. பெர்னூலி குடும்பத்து அறிஞர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்றில் 2³¹ − 1 பகா எண் என்பதும், அதை எப்படிக் கண்டார் என்பதும் சில வரிகளில் இருக்கின்றன.

கேள்வியை அவர் திருப்பிப் போட்டார். 'இந்த எண்ணை எந்தப் பகா எண் வகுக்கும்?' என்று தேடாமல், 'இதை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால் அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?' என்று கேட்டார்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு சோதனை செய்யுங்கள். 2, 4, 8, 16, 32, 64 என்று இரண்டின் அடுக்குகளை எழுதி, ஒவ்வொன்றையும் 7ஆல் வகுத்து மீதியை மட்டும் குறியுங்கள். 2, 4, 1, 2, 4, 1 என்று மீதிகள் சுற்றிச் சுற்றி வரும். மூன்று அடிக்கு ஒருமுறை 1 வருகிறது. சுற்றின் நீளம் 3. எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒரு சுற்று உண்டு. அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால் வரும் எண்ணாவது அடியில் கட்டாயம் 1 மீதி வரும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா கண்ட உண்மை. ஏழுக்கு அது ஆறாவது அடி. ஆகவே சுற்றின் நீளமாகிய 3, ஆறை மீதியின்றி வகுக்கிறது.

இப்போது நம் எண்ணுக்கு வருவோம். ஏதோ ஒரு பகா எண் 2³¹ − 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹ஐ அதனால் வகுக்கும்போது மீதி 1. அதாவது, முப்பத்தோராவது அடியில் 1 வந்துவிடுகிறது. ஆகவே சுற்றின் நீளம் 31ஐ வகுக்க வேண்டும். ஆனால் 31 பகா எண். அதை வகுப்பவை 1, 31 இரண்டுமே. சுற்றின் நீளம் 1 ஆக இருக்க வழியில்லை. முதல் அடியில் வருவது 2 அல்லவா? எனவே நீளம் 31 தான். ஃபெர்மா கண்டபடி இந்த 31, நம் பகா எண்ணில் ஒன்று குறைந்த எண்ணை வகுக்க வேண்டும். பகா எண் ஒற்றைப்படை ஆதலால், ஒன்று குறைந்த எண் இரட்டைப்படை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 62ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்கள் மட்டுமே நம் எண்ணை வகுக்கக்கூடும். 3, 5, 7, 11, 13 என்று நாம் தொடக்கத்தில் பட்ட பாடெல்லாம் தேவையே இல்லை!

சல்லடை இத்துடன் முடியவில்லை. 2³¹ஐ வகுத்தால் மீதி 1 என்றால், 2³²ஐ வகுத்தால் மீதி 2. ஆனால் 2³² என்பது ஒரு முழு வர்க்கம். 65,536 × 65,536. ஆக, நாம் தேடும் பகா எண்ணால் ஒரு வர்க்க எண்ணை வகுக்கும்போது 2 மீதி வருகிறது. எல்லாப் பகா எண்களுக்கும் இது நடக்காது. ஏழுக்கு நடக்கும்: 9ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2. பதினேழுக்கு நடக்கும்: 36ஐ வகுத்தால் மீதி 2. ஐந்துக்கு எந்த வர்க்கத்தை எடுத்தாலும் நடக்காது. 3, 11, 13 ஆகியவற்றுக்கும் அப்படியே. 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் ஒற்றைப்படைப் பகா எண்களுக்கு மட்டுமே இது நடக்கும். இதன் நிறுவல் சற்று நீளமானது. இங்கே அதைத் தரவில்லை. சில சிறிய பகா எண்களை எடுத்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரு சல்லடைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மிஞ்சுவது இவ்வளவுதான்: 248ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வரும் எண்கள். 46,340க்குள் அப்படிப்பட்டவை ஏறத்தாழ 370. அவற்றிலும் பகு எண்களைத் தள்ளிவிட்டால் நூற்றுக்கும் குறைவு. ஐம்பது நாள் வேலை ஒரு நாள் வேலையாகச் சுருங்கிவிட்டது.

இந்தச் சல்லடையின் வலிமையைக் கட்டால்டியின் நான்கு அடுக்குகளில் சோதித்துப் பாருங்கள். அடுக்கு 23 என்றால் 46ஆல் வகுத்து மீதி 1 வரும் எண்கள் தேவை. முதலாவதே 47. அது பகா எண். 8ஆல் வகுத்தால் மீதி 7. வகுத்துப் பார்த்தால், 2²³ − 1 = 83,88,607 = 47 × 1,78,481. முடிந்தது. அடுக்கு 37 என்றால் 75, 149, 223 என்று வரிசை போகும். 75, 149 ஆகியவற்றை எட்டின் சல்லடை தள்ளிவிடும். 223 மிஞ்சும், அது வகுக்கிறது. அடுக்கு 29 என்றால் 59, 117, 175, 233. முதல் இரண்டையும் எட்டின் சல்லடை தள்ளும், 175 பகு எண், 233 வகுக்கிறது. மூன்று அடுக்குகளும் சல்லடையில் மிஞ்சிய முதல் பகா எண்ணிடமே விழுந்துவிட்டன! 23ஐயும் 37ஐயும் 1640இல் ஃபெர்மா வீழ்த்தினார். 29ஐ ஆய்லரே வீழ்த்தினார். கட்டால்டிக்கு இந்த வழி தெரிந்திருந்தால் அரைமணி நேரத்தில் தம் தவறைத் தாமே கண்டிருப்பார்.

இனி 31. வரிசையில் முதலில் வருவன 63, 249. இரண்டும் பகு எண்கள். அடுத்து 311, இது பகா எண். வகுத்தால் ஈவு 69,05,092, மீதி 35. வகுபடவில்லை. அடுத்த பகா எண் 1,303, மீதி 226. அடுத்து 1,489, மீதி 199. இடையில் 2047 தலைகாட்டுகிறது. அது 23 × 89 என்று முன்பே பார்த்தோம், தள்ளிவிடலாம். இப்படியே 46,340 வரை போக வேண்டும். ஒன்றும் வகுக்கவில்லை. எல்லையைத் தொட்டதும் ஐயத்துக்கு இடமில்லை: 2147483647 ஒரு பகா எண். அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மனிதன் அறிந்த பகா எண்களில் மிகப் பெரியது இதுவே.

பயனற்றது என்று ஒரு தீர்ப்பு

இந்த எண்ணுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 28ஐ வகுக்கும் எண்கள், அதைத் தவிர, 1, 2, 4, 7, 14. அவற்றைக் கூட்டினால் 28 தான் வரும். இப்படிப்பட்ட எண்ணை நிறைவெண் என்பார்கள். முதல் நான்கு நிறைவெண்கள் 6, 28, 496, 8128. ஒரு மெர்சென் பகா எண்ணை எடுத்து, அதில் ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கி, அந்தப் பாதியால் பெருக்கினால் ஒரு நிறைவெண் கிடைக்கும் என்று யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவினார். 7இலிருந்து 4 × 7 = 28; 31இலிருந்து 16 × 31 = 496. இரட்டைப்படை நிறைவெண்கள் யாவும் இவ்வழியே வந்தவையே என்று ஆய்லர் நிறுவினார். (ஒற்றைப்படை நிறைவெண் ஒன்றாவது உண்டா என்பது இன்னும் தீராத கேள்வி.) நம் எண் எட்டாவது மெர்சென் பகா எண். ஆகவே எட்டாவது நிறைவெண்ணை அது தருகிறது: 2305843008139952128. பத்தொன்பது இலக்கங்கள்.

1811இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலக் கணித அறிஞர் எண் கணிதம் பற்றி ஒரு நூல் எழுதினார். மேலே கண்ட நிறைவெண்ணைக் குறிப்பிட்டு, இதைவிடப் பெரியது ஒன்று இனிக் கண்டுபிடிக்கப்படவே போவதில்லை என்றார். இவை வெறும் விநோதங்கள், ஒரு பயனும் இல்லாதவை, ஆதலால் மேற்கொண்டு தேட எவரும் மெனக்கெடமாட்டார்கள் என்பது அவர் கருத்து.

பார்லோவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் காலத்தில் அது நியாயமான கணிப்பாகவே தோன்றியிருக்கும். ஆனால் இரண்டு வகையிலும் அவர் கணிப்பு பொய்த்தது.

முதலாவது, தேடல் நிற்கவில்லை. 1876இல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர், வகுத்தே பார்க்காமல் மெர்சென் எண்களைச் சோதிக்கும் முறை ஒன்றைக் கண்டு, முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று அறிவித்தார். பின்னர் லெமர் என்ற அமெரிக்கர் செம்மைப்படுத்திய அந்த முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. 4இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைந்த தடவை இப்படிச் செய்ததும் பூஜ்யம் வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண். 127ஐ எடுத்துக்கொண்டால் (அடுக்கு 7, ஆகவே ஐந்து தடவை): 4, 14, 67, 42, 111, 0. பூஜ்யம் வந்துவிட்டது. 2047ஐ எடுத்து ஒன்பது தடவை செய்தால் 1736இல் வந்து நிற்கும். எனவே பகு எண். நம் எண்ணுக்கு இருபத்தொன்பது தடவை செய்ய வேண்டும். நீண்ட விடுமுறையில் முயன்று பாருங்கள். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 13,62,79,841. அதில் உள்ள இலக்கங்கள் 4,10,24,320. அதை உறுதி செய்ததும் இந்தச் சோதனையேதான்.

பயன் இல்லை என்றதும் பொய்த்தது. கணிப்பொறி வந்த பிறகு, பகடை உருட்டுவது போல முன்கூட்டிச் சொல்ல முடியாத எண்கள் ஏராளமாகத் தேவைப்பட்டன. அணு உலைக்குள் துகள்களின் ஓட்டத்தையோ, ஒரு வங்கியில் வரிசை நீளுவதையோ கணிப்பொறியில் நடித்துப் பார்க்க வேண்டுமானால் இத்தகைய எண்கள் இல்லாமல் முடியாது. கணிப்பொறியோ சொன்னதைச் செய்வது. அதற்குப் பகடை ஏது? மேலே சொன்ன அதே லெமர் ஒரு வழி சொன்னார். ஓர் எண்ணை எடுத்து ஒரு நிலையான எண்ணால் பெருக்கு. ஒரு பெரிய பகா எண்ணால் வகுத்து மீதியை எடு. அந்த மீதியை மறுபடியும் பெருக்கு. பகா எண் எதற்கு? 7ஐ வைத்துக்கொண்டு 3ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1, 3, 2, 6, 4, 5, மறுபடி 1. ஏழுக்குக் கீழுள்ள எல்லா எண்களும் ஒருமுறை வந்துபோகின்றன. பகு எண்ணாகிய 9ஐ வைத்து 2ஆல் பெருக்கினால்: 1, 2, 4, 8, 7, 5, மறுபடி 1. 3உம் 6உம் வரவே இல்லை. 9உடன் பொதுக் காரணி கொண்ட எண்களை இந்தச் சுற்று எட்டவே முடியாது.

1969இல் ஐ.பி.எம். கணிப்பொறிகளுக்காக இம்முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட பகா எண் நம் 2147483647. பெருக்கும் எண் 16,807, அதாவது 7⁵. ஒன்றிலிருந்து தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று ஒழுங்கே இல்லாதது போலத் தாவித் தாவிச் செல்லும். உண்மையில் 2147483646 அடிகளுக்குப் பிறகே தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். அதற்குள் ஓர் எண்ணும் இருமுறை வராது. இரகசியக் குறியீடுகளுக்கு இது போதாது. சில எண்களைப் பார்த்ததும் அடுத்ததைக் கண்டுபிடித்துவிடலாம். ஆயினும் சாதாரணக் கணக்குகளுக்குப் பல்லாண்டுகள் இதுவே உழைத்தது. பார்லோ பயனற்றவை என்று ஒதுக்கிய நிறைவெண்களுக்கு அடியிலே இருந்த பகா எண்தான் இவ்வாறு ஓயாமல் வேலை செய்தது.

2038 ஜனவரி 19

கணிப்பொறியில் நம் எண்ணுக்கு இன்னொரு வேடமும் உண்டு. இதற்கும் பகாத் தன்மைக்கும் தொடர்பில்லை. இங்கே முக்கியம் அந்த முப்பத்தோர் ஒன்றுகள்தாம். நெடுங்காலமாகக் கணிப்பொறிகளில் ஒரு முழு எண்ணுக்கு 32 இடங்கள் ஒதுக்குவது வழக்கம். ஓர் இடம் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விட, எஞ்சுபவை 31. அவை அனைத்திலும் 1 நிரம்பிவிட்டால் அதுவே உச்சம். அதற்குமேல் ஒன்றைக் கூட்டினால் என்ன ஆகும்? மோட்டார் சைக்கிளில் ஓடிய தூரம் காட்டும் எண்கள் 99999க்குப் பிறகு 00000 ஆவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அதைவிட மோசம். ஒன்று, குறிக்கு உரிய இடத்தில் போய் விழுகிறது. எண் திடீரென்று கழித்தல் 2147483648 ஆகிவிடுகிறது.

2014இல் ஒரு கொரிய மொழிப் பாட்டின் படத்தை யூடியூபில் பார்த்தவர்களின் எண்ணிக்கை இந்த உச்சத்தைத் தாண்டியது. அந்நிறுவனம் தன் கணக்கியை 64 இடங்களுக்கு விரிவாக்கியது. அது வேடிக்கை. 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் போயிங் 787 விமானங்கள் குறித்து விடுத்த எச்சரிக்கை வேடிக்கையல்ல. மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகள் 248 நாட்கள் இடைவிடாமல் இயங்கினால் உள்ளே ஒரு கணக்கி நிரம்பி வழிந்து, எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிடக்கூடும். ஆகவே அதற்கு முன் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி மறுபடி இயக்க வேண்டும் என்றது அது. நூறில் ஒரு விநாடியை ஓர் அடியாக எண்ணிக்கொண்டு போனால் 2³¹ அடிகளுக்கு எத்தனை நாள் ஆகும் என்று பாருங்கள்: 248½ நாள். (ஆய்லரின் சல்லடையிலும் ஒரு 248 வந்ததே என்று கேட்பீர்கள். அது 31 × 8, இது தற்செயல். தற்செயல்களில் பொருள் தேடத் தொடங்கினால் கணிதம் சோதிடமாகிவிடும்.)

எல்லோரையும் பாதிக்கக்கூடியது இன்னொன்று. யூனிக்ஸ் என்ற அமைப்பில் பிறந்த வழக்கப்படி, ஏராளமான கணிப்பொறிகள் நேரத்தை 1970 ஜனவரி முதல் நாள் தொடங்கி விநாடிகளாக எண்ணி வருகின்றன. 32 இடங்களில் எண்ணினால் 2147483647ஆவது விநாடி எப்போது வரும்? 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அடுத்த விநாடியில், திருத்தப்படாத கருவி தன் நாட்காட்டியை 1901 டிசம்பருக்குக் கொண்டுபோய்விடும். மேசை மீதுள்ள கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் பெரும்பாலும் 64 இடங்களுக்கு மாறிவிட்டன. கவலை தருபவை, தொழிற்சாலை இயந்திரங்களுக்குள்ளும் மின்நிலையங்களிலும் பல ஆண்டுகளுக்கு முன் பொருத்தி மறந்துபோன சிறு கருவிகள். அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து மாற்றுவதுதான் பெரிய வேலை. அது இன்னும் முடிந்தபாடில்லை.

64 இடங்களில் குறிக்கு ஒன்று போக 63 எஞ்சும். விநாடிக்கு ஒன்றாக எண்ணினால் 2⁶³ − 1ஐ அடைய ஏறத்தாழ 29,200 கோடி ஆண்டுகள் ஆகும். இந்தப் பத்தொன்பது இலக்க எண் பகா எண்ணா என்று கேட்டால், நீங்கள் இப்போது ஒரு வகுத்தலும் செய்யாமல் விடை சொல்லிவிடலாம். அறுபத்து மூன்று ஒன்றுகளை மூன்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

அது எளிது. சற்றுக் கடினமானது வேண்டுமென்றால் 2⁴³ − 1ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 8796093022207. 43 பகா எண். ஆகவே கட்டுகளாகப் பிரிக்க முடியாது. 86ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எண்களை வரிசையாக எழுதி, எட்டின் சல்லடையில் இட்டு, பகு எண்களை நீக்கிவிட்டு, மிஞ்சும் முதல் பகா எண்ணால் வகுத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை.